குறை சொல்லத் தெரிந்த நாக்கு

எங்கள் வீட்டுக்கார அம்மா தினமும் மாலையில் வானிலை அறிக்கை வாசிப்பவரோடு சண்டை பிடிப்பார். தொலைக்காட்சிக்குள் இருந்த அந்த மனிதருக்கு இது தெரியாது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். பனி கொட்டும் என்று அறிக்கை சொன்னால், “போன கிழமையும் உப்பிடித்தான் சொன்னனி, எங்க கொட்டினது?” என்று கேட்பார். கொட்டிவிட்டாலோ, இவ்வளவு கொட்டும் என்று ஏன் சொல்லவில்லை என்று அதற்கும் ஒரு ஏச்சு விழும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் இவரும் கல்யாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்து, டான்ஃபோர்த் வீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் செங்கல் வீட்டின் மேல்மாடியில் குடியேறியிருந்தோம். கீழ்வீட்டில் அவர் தனியாக இருந்தார். கிரேக்க நாட்டுக்காரர், கணவரை இழந்தவர், அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். முதல் நாளே நான் மரியாதையாக “அன்ரி” என்று கூப்பிட்டேன். “நான் உனக்கு எந்த வழியில அன்ரி?” என்று கேட்டார்.  ஆனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

அவர் பேசியது பாதி ஆங்கிலம், மீதி கை. நான் பேசியதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இருந்தும் எங்களுக்குள் ஒரு சொல்லும் வீண் போனதில்லை. அவருடைய ஏச்செல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து விழும். அப்படியே எழுதுகிறேன்.

அன்ரிக்குக் கண்ணில் படுவதெல்லாம் குறை. திங்கட்கிழமை என்னைப் பார்த்து “மெலிஞ்சு போனாய்” என்பார். புதன்கிழமை “வயித்தைப் பார், கொழுத்துப் போனாய்” என்பார். இரண்டு நாளுக்குள் எப்படி என்று கேட்டால், சாப்பிடத் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் நடக்கும் என்பார். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் பூ வைத்தது சரியில்லை. கல்யாணத்துக்குப் போய் வந்தால் மாப்பிள்ளையின் சப்பாத்து சரியில்லை. வரவேற்பறையில் கணவரின் படம் ஒன்று மாட்டியிருந்தார். தினமும் காலையில் அதன் தூசி துடைக்கும்போது, “கழுத்துப்பட்டி சரிஞ்சு கிடக்கு எண்டு அண்டைக்கே சொன்னனான், கேட்டியோ?” என்று படத்திடமே கேட்பார். நான் ஒரு நாள் படியில் நின்று இதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். உடனே என் சிரிப்பிலும் குறை கண்டுபிடித்தார். பல்லைக் காட்டாமல் சிரிக்கிறேனாம், வங்கிக்காரி மாதிரி.

எங்கள் பக்கத்துப் பழக்கம் நேரெதிர். பிறத்தியார் வீட்டில் தந்ததைத் தின்றுவிட்டு, உப்பில்லாவிட்டாலும் உறைத்தாலும் “நல்லாயிருக்கு” என்றுதான் சொல்ல வேண்டும். குறையெல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். இவர் இந்தக் கலையில் கரைகண்டவர். உணவகத்தில் பாத்திரம் கழுவப் போகிற இடத்தில் ஏசினாலும் “வெரி குட்” என்று சொல்லிவிட்டு வருகிற ஆள்.

அந்த வெரி குட்டால்தான் வந்தது வினை. நாங்கள் குடிபோன முதல் இலையுதிர் காலத்தில் அன்ரி சந்தையில் இருந்து பெரிய மரப்பெட்டி ஒன்றை இறக்கினார். பெட்டி நிறையப் பச்சைக் காய். கலிபோர்னியாவில் இருந்து வந்ததாம். நான் கத்தோலிக்கப் பிள்ளை. பெரிய வெள்ளி தோறும் பிரசங்கத்தில் ஒலிவமலை, ஒலிவமலை என்று கேட்டு வளர்ந்தவள். ஆனால் ஒலிவ் காயைக் கண்ணால் கண்டபோது என் வாயில் வந்தது வேறு பெயர்.

“ஐயோ, இஞ்சேருங்கோ, வெரளிக்காய்!” என்று கத்தினேன்.

பள்ளிக்கூட வாசலில் உப்பும் தூளும் போட்டு விற்பார்களே, அதே வெரளிக்காய். அதே நிறம், அதே உருவம். இவர் ஓடிப்போய் மேலேயிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துவந்தார். இரண்டு காயை ஒன்றாக வாயில் போட்டுக் கடித்தார். பச்சை ஒலிவ் எவ்வளவு கசக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. இவருடைய காது இரண்டும் பின்னுக்குப் போனதை நான் கண்டேன். கண்ணில் தண்ணீர். அன்ரி கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, “எப்பிடி?” என்று கேட்டார்.

“வெரி குட்,” என்றார் இவர்.

அன்ரிக்கு வந்ததே கோபம். “உதைக் கழுதையும் தின்னாது! இந்த மனிசன் வெரி குட் எண்டு சொல்லுது!” என்று வீதிவரை கேட்கக் கத்தினார். அன்று முதல் இவருடைய பெயர் மிஸ்டர் வெரி குட். கடிதம் வந்தாலும், “மிஸ்டர் வெரி குட்டுக்குக் கடிதம்” என்றுதான் மேலே பார்த்துக் கூப்பிடுவார்.

அடுத்த நாள் என்னைத் தனியாகப் பிடித்து ஒரு விளக்கம் தந்தார். அவர் முந்திப் பெண்களின் உடுப்புக் கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக நின்றவர். “வடிவாயிருக்கு எண்டு கடைக்கு வாற சனத்துக்குச் சொல்லுறது. திரும்பிப் போற சனம்தானே. வீட்டுச் சனத்துக்குப் பிழையைச் சொல்லோணும். உன்ர மனிசன் என்னைக் கடைச் சனம் எண்டு நினைச்சிட்டான்.” அது ஏச்சு இல்லை, மனத்தாங்கல் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அந்த ஒலிவை அவர் பதப்படுத்துகிற விதத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்றில் தாழ்ந்த முக்காலியில் இருந்துகொண்டு ஒவ்வொரு காயாக எடுப்பார். புள்ளி விழுந்தது, பூச்சி துளைத்தது, அமுங்கியது எல்லாம் ஒரு பக்கம் போகும். நல்ல காயைப் பலகையில் வைத்துக் கல்லால் ஒரே தட்டு. சதை பிளக்க வேண்டும், கொட்டை உடையக் கூடாது. தட்டியதும் தண்ணீருக்குள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். பிறகு தினமும் தண்ணீர் மாற்றி மாற்றிக் கசப்பை இறக்குவது. கசப்பு இறங்கியதும் உப்புத் தண்ணீர், தேசிக்காய்ப் புளி, உள்ளிப்பூண்டு, காய்ந்த வாசனை இலைகள். மேலே ஒலிவ் எண்ணெய்.

தட்டுகிற கல், ஒன்ராரியோ ஏரிக்கரையில் பொறுக்கியது. “இந்த நாட்டிலை ஒரு கல்லும் உருப்படியில்லை,” என்று அதற்கும் குறை.

உங்கள் ஊரில் அறுவடை எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். மரத்தடியில் வலை விரித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு காய் உதிர்ப்பார்கள் என்று எங்கோ படத்தில் பார்த்திருந்தேன். “ஆர் பாடினது? விடிய எழும்பிப் போனால் கை விறைச்சுப் போகும். தடியாலை அடிச்சு அடிச்சுத் தோள் கழண்டுபோகும். மேல மாமியார் ஏணியில நிண்டு கத்துவா. மழை வந்தால் வலையும் நனையும், நாங்களும் நனைவம். அதை விட்டிட்டு வந்ததுக்குத்தானே கடவுளுக்கு மெழுகுதிரி கொளுத்திறனான்,” என்றார். பிறகு ஏன் வருசா வருசம் பெட்டி பெட்டியாக வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். கடையில் விற்கிற ஒலிவ் சரியில்லையாம்.

உண்மைக் காரணம் கோவில். டிசம்பரில் அவர்களுடைய கிரேக்கத் தேவாலயத்தில் கோவில் திருநாள் வரும். கிறிஸ்து பிறக்கிற நத்தாருக்கு முந்திய விரத காலம், இறைச்சி, மச்சம் கிடையாது. கோவில் மண்டபத்து மேசையில் அன்ரியின் தட்டிய பச்சை ஒலிவ்தான் நடுவில் இருக்கும். பக்கத்தில் அவருடைய மச்சாள், அதாவது செத்துப்போன கணவரின் தங்கை, செய்கிற கறுப்பு ஒலிவ். மச்சாள் இரண்டு தெரு தள்ளி இருந்தார். சனிக்கிழமைகளில் வந்து கோப்பி குடிப்பார். அவர்கள் இருவரும் கதைப்பதைக் கேட்டுவிட்டு, பொலிசைக் கூப்பிடவேண்டி வருமோ என்று இவர் பயந்திருக்கிறார். ஒருவருடைய ஒலிவில் மற்றவர் சொல்லாத குறையில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மச்சாள் வராவிட்டால் அன்ரி ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை யன்னலைப் பார்ப்பார்.

மூன்றாவது வருசம், பனி உருகி உறைகிற மார்ச் மாதத்தில், அன்ரி பின்பக்கப் படியில் வழுக்கி விழுந்து தலையின் பின்பக்கத்தை அடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பற்றிக் குறை சொன்னார். நாங்கள் நிம்மதியானோம்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாற்றம். முன்பெல்லாம் நான் மீன் பொரித்தால் போதும், கீழேயிருந்து விளக்குமாற்றுத் தடியால் கூரையில் இடிப்பார். அது எங்கள் காலுக்குக் கீழே வந்து அதிரும். அந்தக் கோடை முழுவதும் தடிச்சத்தமே இல்லை. எங்கள் சமையலுக்கு மனிசி பழகிவிட்டது என்று இவர் சொன்னார். எனக்கென்றால் நம்பிக்கை வரவில்லை. செப்டெம்பரில் ஒரு நாள் வேண்டுமென்றே கருவாடு பொரித்தேன். முன்வீட்டு ஆள் யன்னலைச் சாத்தினார். கீழ்வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பாவற்காய்க் குழம்பு கொஞ்சம் கோப்பையில் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அன்ரி ஒரு கரண்டி வாயில் போட்டார். நன்றாக மென்றார். என் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

“நல்லாயிருக்கு,” என்றார்.

 மூன்று வருசத்தில் அந்த வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததில்லை.

“அன்ரி, உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையோ?” என்று கேட்டேன்.

அவர் கரண்டியை வைத்தார். “மணமும் இல்லை, உருசியும் இல்லை. விழுந்த நாளிலயிருந்து கடதாசி தின்னுற மாதிரி இருக்கு. வந்தாலும் வரும், வராட்டிலும் வராதாம். டொக்டருக்கும் ஒண்டும் தெரியாது.” கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, “நல்லாயிருக்கு எண்டு சொன்னால் தப்பலாம் எண்டு உன்ர மனிசனிட்டப் படிச்சனான்,” என்றார்.

மச்சாளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். “அவளுக்குத் தெரிஞ்சால் கோவிலுக்கே தெரியும். பேந்து என்ன? பாவம், பாவம் எண்டு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போடுவினம். கையில ஒரு கோப்பியைத் தந்து மூலையில இருத்திப்போட்டு, என்ர மேசையை வேற ஆரும் பாப்பினம். நான் செத்தாலும் உந்தக் கதிரையில இருக்கமாட்டன்.”

உப்புக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. புது முட்டையைத் தண்ணீருக்குள் விட்டால் அது மிதந்து, தலைப்பக்கம் ஒரு காசு அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். அதற்குக் கண் போதும். கசப்புக்கு முட்டை இல்லை. எந்த நாளில் தண்ணீர் மாற்றுவதை நிறுத்துவது என்பதை நாக்குத்தான் சொல்ல வேண்டும். முந்தி நிறுத்தினால் வாயில் வைக்க முடியாது. பிந்தினால் சவசவ என்று ஒன்றுமில்லாமல் போய்விடும். கொஞ்சம் கசப்பு மிஞ்ச வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் அன்ரியின் பெயரே இருந்தது.

“உன்ர நாக்கைத் தா,” என்றார்.

நான் மறுத்தேன். எனக்கு ஒலிவைப் பற்றி என்ன தெரியும்? “கைப்பு எண்டால் என்னெண்டு தெரியுமோ?” என்று கேட்டார். அது தெரியும். வேப்பம்பூ வடகம் தின்று வளர்ந்த நாக்கு.

அப்படித்தான் அந்த ஒக்டோபர் தொடங்கியது. நான் பேக்கரி வேலை முடிந்து வந்ததும் மேலே போக விடமாட்டார். பேஸ்மென்றுக்குள் இழுத்துக்கொண்டு போய் ஒரு காயை என் வாயில் வைப்பார். முகத்துக்கு நேரே குனிந்து நின்று பார்ப்பார். எவ்வளவு கசப்பு என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்குச் சொல் போதவில்லை. ஆகவே எங்களுடைய ஊர்க் கசப்புகளையே அளவாக வைத்துக்கொண்டேன். முதல் நாட்களில் வேப்பிலை. பிறகு குறிஞ்சாக் கீரை. அதற்குப் பிறகு பாவற்காய். சொல்லிச் சொல்லி அன்ரிக்கும் பாடமாகிவிட்டது. நான் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் கீழேயிருந்து, “இண்டைக்கு எங்க நிக்கிறம்? குறிஞ்சாவோ, பாவக்காயோ?” என்று கேட்பார். பேக்கரியில் என்னோடு வேலை செய்த பெண் ஒருமுறை கூட வந்து இதைக் கேட்டுவிட்டுப் பயந்துபோனாள்.

பாவற்காயில் வந்து கசப்பு பிடித்துக்கொண்டு நின்றது. தண்ணீர் மாற்றி மாற்றி எனக்கே அலுத்துப்போனது. ஒரு நாள் பேக்கரியில் நின்று கால் வீங்கி, தலை இடித்து, மழையில் நனைந்து வந்தேன். சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை, வாயில் காய். அன்ரியின் முகம் ஒரு சாண் தூரத்தில்.

“எப்பிடி?”

“கைக்குது! நேத்தும் கைச்சது, இண்டைக்கும் கைக்குது! பெரிசு பெரிசா வாங்கி, அரைகுறையாத் தட்டியிருக்கிறியள், பேந்து எப்பிடிக் கைப்பு இறங்கும்? காயையும் தட்டத் தெரியேல்லை, மனிசரையும் விடத் தெரியேல்லை!”

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கனடாவுக்கு வந்து நான் வாய் திறந்து ஒருவரை ஏசியது அதுதான் முதல் தடவை. அதுவும் வீட்டுக்கார அம்மாவை.  அன்ரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினார், வலிக்க வலிக்க. அன்றிரவு சாப்பிடக் கூப்பிட்டார். இவரை அல்ல, என்னை மட்டும். அந்தச் சந்தோசத்தில் என் கால்வலி போன இடம் தெரியவில்லை.

காய்களையெல்லாம் திரும்ப எடுத்து இன்னொரு தட்டுத் தட்டினோம். சில நாளில் கசப்பு இறங்கியது. ஒரு மாலை வாயில் போட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கியபிறகு நாக்கின் அடியில் மெல்ல வந்தது, அம்மா வைக்கிற வெந்தயக் குழம்பில் வருகிற கசப்பு, இன்னும் ஒரு வாய் கேட்கிற கசப்பு.

“நிப்பாட்டுங்கோ, அன்ரி,” என்றேன்.  அவர் உடனே உப்பை எடுக்கப் போனார்.

திருநாளன்று நல்ல பனி. போத்தல்களைத் துவாயில் சுற்றி இருவருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். மண்டபத்துக் குசினியில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அன்ரி என்னை யார் என்று சொன்னாரோ தெரியாது, எல்லாரும் எனக்குத் தலையாட்டினார்கள். சிவப்புக் கோட்டுப் போட்டிருந்த மச்சாள் கறுப்பு ஒலிவோடு எங்களுக்கு முன்பே வந்து நின்றார். ஒலிவைக் கோப்பைகளில் போட்டு வைத்தோம்.  வெந்தயக் குழம்பை நம்பி ஒரு மனிசியின் மானத்தை மேசையில் வைத்திருக்கிறேனே என்று அப்போதுதான் பயம் வந்தது.

பெண்கள் எடுத்தார்கள், மென்றார்கள், திரும்ப எடுத்தார்கள். எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் புகழ்வது எந்தப் பாஷையிலும் விளங்கும். ஒருத்தி விரல் நுனியை முத்தமிட்டுக் காட்டினாள். இன்னொருத்தி அன்ரியின் தோளைத் தட்டினாள். இந்த வருசம்தான் எல்லாவற்றிலும் திறம் என்று ஒரு பெண் எனக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். தப்பினோம் என்று நான் மூச்சுவிட்டேன். இரகசியம் பத்திரம். மேசையும் பத்திரம்.

அன்ரியைப் பார்த்தால், அவர் முகம் சரியில்லை. ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் நெளிந்தார். பிடிக்காத சட்டையை யாரோ வலிந்து போட்டுவிட்ட மாதிரி நின்றார். மச்சாள் மட்டும் புகழாமல் மென்றுகொண்டிருந்தார். மேலும் ஒருத்தி வந்து அன்ரியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். அன்ரி கையை உதறினார்.

சத்தமாக, முழுக் குசினிக்கும் கேட்கப் பேசினார். தன் தலையின் பின்பக்கத்தைத் தொட்டார். நாக்கை நீட்டி விரலால் தொட்டு, கையை விரித்துக் காட்டினார். பிறகு என் தாடையைப் பிடித்து எல்லாருக்கும் முன்னால் ஆட்டினார். ஒரு சொல்லும் தெரியாமலே எனக்கு எல்லாம் விளங்கியது.

“ஏன் அன்ரி சொன்னனீங்கள்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“எனக்குச் சேராத புகழை நான் என்னெண்டு வாங்கிறது?” என்றார்.

 பெண்களின் முகம் ஒவ்வொன்றாக இளகியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். பாவம் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் சனத்துக்கும் அதே முகம்தான் வரும். ஒருத்தி ஓடிப்போய்ச் சுவரோரம் இருந்த கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி கோப்பி ஊற்றத் தொடங்கினாள். அன்ரி கதிரையைப் பார்த்தார். அந்த மனிசியின் தைரியமெல்லாம் வடிந்ததை நான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கதிரையைத் தூக்கி எறியலாமா என்று வந்தது.

மச்சாள் கதிரையைக் காலால் ஒரு பக்கம் தள்ளினார். மேசைக்கு வந்து இன்னொரு பச்சை ஒலிவை எடுத்தார். ஆற அமர மென்றார். கொட்டையை உள்ளங்கையில் துப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, எனக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் சொன்னார்.

“உப்புக் குறைவு. உள்ளியை ஆர் இவ்வளவு தடிப்பா வெட்டினது?”

அன்ரியின் கழுத்து நிமிர்ந்தது.

“உப்புக் குறைவோ?” என்று என் மேல் பாய்ந்தார். “என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

“முட்டை மிதந்ததுதானே!” என்றேன்.

“பழைய முட்டை, மிதக்கும்தானே!” என்றார் மச்சாள்.

“ஆர்ர முட்டை பழசு? உன்ர கறுப்பு ஒலிவைப் பார், தோல் மாதிரிக் கிடக்கு!” என்று அன்ரி மச்சாளின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். மச்சாள் விடவில்லை. என்னைப் பார்த்து, தின்றுபார், நீ சொல்லு என்று ஒரு கறுப்பு ஒலிவை என் வாய்க்குள் தள்ளினார். கொஞ்சம் உலர்ந்துதான் இருந்தது. உலர்ந்திருக்கிறது என்று சொன்னேன். உடனே மச்சாளும் என்னை ஏசத் தொடங்கினார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி உப்பு போதும் என்றாள், ஒருத்தி போதாது என்றாள். கோப்பி ஊற்றியவள் கோப்பியைத் தானே குடித்துக்கொண்டு உள்ளியைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னாள். நடுவில் அன்ரி நின்று, உப்பைக் கொண்டுவா, கரண்டியைக் கொண்டுவா, சும்மா நில்லாதை என்று என்னை ஏவிக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் முழுவதும் அந்தக் குசினியில் நின்றேன். வந்த சனம் போய், பாத்திரம் கழுவி முடிகிறவரை நின்றேன். கால் கடுத்தது. என்னையும் ஒருவரும் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.